மெட்ச் டான்ஸில் ஊதியவர்

கொழும்புக்கு நான் போனது ஒரே ஒரு கையெழுத்துக்காக. விமான நிலையச் சுங்கத்தில் இதைச் சொன்னபோது அங்கே நின்றவர் நம்பவில்லை. பையிலிருந்த மூன்று இசைத்தட்டுகளை வெளியே எடுத்தார். உறையில் வெள்ளைக் கோட்டும் டெனர் சாக்ஸபோனுமாக ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். "யார் இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்க ஊர்க்காரர்தான். பென்னி சவேரி. பெரிய ஜாஸ் கலைஞர்," என்றேன்.

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் விசாரித்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொந்த மண்ணிலேயே ஒரு கலைஞனை இப்படியா மறப்பார்கள் என்று டாக்ஸியில் ஏறும் வரை மனதுக்குள் அவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டு போனேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் சென்னை வடபழனியில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். பழைய டேப்புகளின் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்வது என் தொழில். லண்டனில் நைஜல் என்று ஒருவர், உலகம் மறந்துபோன இசைக்காரர்களைத் தேடித் தேடி இசைத்தட்டு போடுகிறவர், எனக்கு நான்கு டேப் ஸ்பூல்களை அனுப்பிவைத்தார். ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து குடிபெயர்ந்த ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தவையாம். எல்லாப் பெட்டியிலும் பென்சிலால் 'பிக் மெட்ச் டான்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. வருடம் இல்லை. ஆனால் டேப்பில் அறிவிப்பாளர் பாட்டுக்குப் பாட்டு, "டெனர் சாக்ஸபோன், பென்னி சவேரி!" என்று கத்துகிறார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நான்கு மாதம் அந்த மூச்சோடு குடித்தனம் நடத்தினேன். சொல்ல வெட்கமில்லை, காதலித்தேன். பென்னி கொழும்பின் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழர், இறந்து பல வருடங்கள் ஆகின்றன, வேறு பதிவு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, உறையின் பின்பக்கக் குறிப்பையும் நானே எழுதினேன். 'தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த மூச்சு இது. மூன்றாம் பாடலின் நடுவே நான்கு விநாடி வரும் மௌனம், செபத்தில் தலை குனிகிறவனின் மௌனம்.' படித்துவிட்டு அழுததாக நைஜல் எழுதினார். அழுதவர் அவசரப்பட்டு உறையையும் அச்சடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பென்னியின் ஒரே வாரிசான மகளின் சம்மதம் காகிதத்தில் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்தக் காகிதம்தான் என் கைப்பையில் இருந்தது.

முதல் நாள் வெள்ளவத்தையில் கழிந்தது. கடலை நோக்கிப் போகும் ஒரு சந்தில் அறை. சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். இடியப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கேட்டுப் பழகிய எனக்கு அந்தச் சம்பல் கண்ணில் நீர் வரவைத்தது. பரிமாறியவர், "உறைப்பு கூடவோ மிஸ்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார். சென்னையில் கூடுதலாகச் சட்னி வாங்க சர்வரின் கண்ணில் படவே தவம் கிடக்க வேண்டும். இங்கே வேண்டாம் என்று சொல்லத்தான் தவம் கிடக்க வேண்டியிருந்தது.

மதியம் த்ரீவீலரில் ஏறி, காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியில் முக்கால் மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு லொறி. அதன் மேல் முப்பது மாணவர்கள், கொடிகள், ட்ரம்பெட், தவில் மாதிரி ஒன்று. ஊதுகிறார்கள், ஆடுகிறார்கள், பஸ்ஸை நிறுத்தி அதன் மேலும் ஏறி ஆடுகிறார்கள். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டு பார்க்கிறார்.

"என்னப்பா இது, தேர்தலா?" என்றேன்.

"பிக் மெட்ச் மிஸ்," என்றார் ஓட்டுநர். "ஸ்கூல் கிரிக்கெட். ஒவ்வொரு மார்ச்சும் இந்தக் கூத்துத்தான். என்ட தாத்தா காலத்துலயும் மார்ச்தான். இந்த மாசம் காலி வீதியில வண்டி ஓட்டினா விசர் பிடிக்கும்."

பென்சிலில் எழுதியிருந்த அந்த இரண்டு சொற்களை நேரில் பார்க்கிற சந்தோஷத்தில் போன் எடுத்து லொறியைப் படம் பிடித்தேன். நைஜலுக்கு அனுப்பினேன். இதயம் போட்டுப் பதில் வந்தது.

மறுநாள் கொட்டாஞ்சேனை. பென்னியின் மகள் பிலோமினா அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. கப்பல் கம்பெனியொன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு அறை வீடு, பேராலயத்து மணி வீட்டுக்குள் அடிப்பது போலக் கேட்கிறது. சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், அதற்குக் கீழே நம் வெள்ளைக் கோட்டு மனிதர்.

"வாங்கோ, வாங்கோ. இந்த வெயிலுக்க நடந்தோ வந்தனீங்கள்? பிளேன்டீதான் தருவன், கோவிக்காதேங்கோ. தவக்காலத்தில நான் பால் தொடுறேல்ல."

பிளேன்டீயோடு ஒரு துண்டு கருப்பட்டி வந்தது. இசைத்தட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். உறையை முந்தானையால் துடைத்து, மடியில் வைத்து, தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம் பிள்ளை. உயிர்த்த ஞாயிறு முடியட்டும், ஆறுதலா இருந்து கேட்பன். இந்த நாற்பது நாளும் எங்கட வீட்டில பாட்டுப் போடுறேல்ல. அப்பா போட்ட சட்டம். தவக்காலம் தொடங்குற விபூதிப் புதனண்டு சாக்ஸைத் துடைச்சு, பெட்டிக்குள்ள வச்சு, கட்டிலுக்குக் கீழ தள்ளிவிடுவார். ஈஸ்டர் பூசை முடிஞ்சாத்தான் அது வெளிய வரும். எந்தப் பெரிய ஹோட்டல்காரன் வந்து நிண்டாலும் இல்ல எண்டுதான் சொல்லுவார். சாகுமட்டும் மாறேல்ல."

எவ்வளவு அழகான செய்தி, குறிப்பு எழுதுவதற்கு முன்னால் தெரியாமல் போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். பிளேன்டீயில் பாதி குடித்திருப்பேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"அம்மா, பிக் மேட்ச் எப்பவும் மார்ச்லதானா?"

"ஓம், மார்ச்தான்."

"அப்படின்னா அது தவக்காலத்துலதானே வரும்?"

"ஓமோம், எப்பவும் அப்பிடித்தான் வரும். அதால மெட்ச் முடிஞ்ச ராவில நடக்கிற மெட்ச் டான்ஸுக்கு அப்பா போகவே மாட்டார். ஜமால் அங்கிள்தான் போவார். அவரும் சாக்ஸ் ஊதுறவர், கொம்பனித்தெரு மலாய்க்காரர். நோட்டீஸ் எல்லாம் அப்பாட பேர்ல அடிச்சாச்சு எண்டு பாண்ட் மாஸ்டர் அப்பாட கோட்டையே அவருக்குப் போட்டு விடுவார். மேடையில முன்னுக்கு வைக்கிற பலகையிலயும் பென்னி எண்டுதான் இருக்கும். அறிவிக்கிறவனும் அப்பிடித்தான் சொல்லுவான். ஆர் பார்க்கிறது? எல்லாரும் குடிச்சிட்டு ஆடுறவைதானே!"

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொட்டாஞ்சேனை முழுவதும் தெரிந்த பழைய பகிடி அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறைக்கவும் தெரியவில்லை.

"அம்மா, எங்ககிட்ட இருக்கிற டேப் எல்லாமே மேட்ச் டான்ஸ்ல எடுத்தது."

"எல்லாமோ?"

"நாலும்."

சிரிப்பு அப்படியே நின்றது. மடியிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப... அப்பாட எண்டு ஒண்டும் இல்லையோ?"

 அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"ஜமால் அங்கிள் இருக்கிறார். கிறிஸ்மஸுக்கு நான் கேக் அனுப்புவன், பெருநாளைக்கு அவையள் வட்டிலப்பம் அனுப்புவினம். விலாசம் தாறன். நீங்கள் போய்க் கதைச்சிட்டு வாங்கோ. அந்தக் காகிதத்தை வச்சிட்டுப் போங்கோ, கையெழுத்தைப் பிறகு பார்ப்பம்."

வெளியே வந்து ஒரு பேக்கரியில் உட்கார்ந்தேன். தேநீர் மட்டும்தான் கேட்டேன். தட்டு நிறைய ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் இதைக் கேட்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். தின்றதை மட்டும் எண்ணிக்கொள்வார்கள், அதுதான் இங்கே வழக்கம் என்று பக்கத்து மேசைப் பெண் விளக்கினாள். ஒரு ஊரின் தட்டைக்கூடப் புரிந்துகொள்ளாதவள் அந்த ஊர்க்காரனின் ஆன்மாவைப் பற்றி உறை நிறைய எழுதியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு ரோலும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கொம்பனித்தெரு. ஜமாலின் பழைய வீடு இருந்த சந்து இப்போது இல்லை. அங்கே கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. அங்கிருந்தவர்களை அடுக்குமாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது, இன்னொன்றில் ஒரு ஃப்ரிட்ஜும் அதை ஏற்றுகிற நான்கு பேரும். அவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒன்பது மாடி ஏறினேன். எங்கள் ஊர்க் குடிசைமாற்று வாரியக் கட்டடங்களை நினைத்துக்கொண்டேன். எந்த நாட்டிலும் ஏழையை மேலே ஏற்றிவிட்டு லிஃப்டை மறந்துவிடுகிறார்கள்.

கதவைத் திறந்தவர் மகள் ரிஸானா. ரமழான் மாதம், வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. ஆனாலும் என் மூச்சிரைப்பைப் பார்த்து, "நீங்க குடிங்க மிஸ், பரவால்ல," என்று தண்ணீர் கொடுத்தார். ஜன்னலோரம் லுங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக ஜமால் உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது, எதிரில் ஆள் நிற்பது மட்டும் தெரியுமாம். மலாய் வழக்கப்படி முழுப்பெயர் துவான் ஜமால் என்றாலும், மனைவி வழியில் வீட்டுப் பேச்சு தமிழ்.

விஷயத்தைச் சொன்னேன்.  என் போனில் சத்தமாக வைத்து அவர் காதருகே பிடித்தேன். முதல் பாட்டிலேயே மடியின் மேல் விரல்கள் அசைய ஆரம்பித்தன. ஒரு சுரமும் தவறாத விரல்கள். நான்கு மாதம் அந்தப் பாட்டோடு இருந்தவள் நான், எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மூன்றாம் பாட்டு பாதி போனதும் கையை உயர்த்தினார்.

"இப்ப பாருங்க, நான் நிப்பாட்டுவேன்."

நின்றது. நான்கு விநாடி. நான் செபம் என்று எழுதிய இடம்.

"தல சுத்திச்சி," என்றார். "அது நோம்பு மாசம் மகள். பென்னிக்குத் தவக்காலம், எனக்கு நோம்பு, ரெண்டும் ஒண்டா வந்த வருஷம். நோம்பு தொறக்க ஒரு ஈத்தம்பழமும் ஒரு மொடறு தண்ணியும்தான். அதுக்குள்ள பாண்ட் மாஸ்டர் இழுத்துட்டுப் போய் மேடையில உட்டுட்டார். பியானோக்காரன் பின்னால கோட்டப் புடிச்சி நிறுத்தாட்டி உழுந்தீப்பேன்."

சிரித்தார். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

"பென்னி நல்ல மனிசன். அவர் அவர்ட நேர்ச்சையக் காப்பாத்தினார். நான் நோம்பு ராவுல தராவீஹ் தொழப் போற நேரத்துல டான்ஸுக்கு ஊதினேன். ரெண்டு வருஷம் எங்கட வாப்பா என்னோட கதைக்கல்ல. பொறகு ஒரு நாள் சாக்ஸத் தூக்கிக் குடுத்துட்டார், யாருக்கெண்டே தெரியா. அவ்வளவுதான். துறைமுகத்துல வேலைக்குப் போய்ட்டேன்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கை தட்டினவன் எல்லாம் பென்னி, பென்னி எண்டுதான் கத்தினான். ஒருத்தனுக்காவது தெரியோணும் மகள். என்ட பேரப் போடுங்க. பெருசா வாணாம்."

"வாப்பா!" என்றார் ரிஸானா. குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம். "நோம்புல குடிகாரன்களுக்கு முன்னால ஊதினதெண்டு ஒலகம் முழுக்கத் தெரியோணுமா? என்ட மாப்புள பள்ளிவாசல் நிர்வாகத்துல ஈக்கிறார். நாளைக்கு அவர் எந்த மொகத்தோட போற?"

"எனக்கு வேற என்னம்மா ஈக்கி?" என்றார் ஜமால்.

வாசல் வரை ரிஸானா என்னோடு வந்து, போடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து ஜமால், போடுங்கள் என்றார். போடுவேன் என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். உரக்கச் சொன்னேன், அவர் காதில் விழ வேண்டும் என்று.

சாயங்காலம் வெள்ளவத்தை ரயில் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து லண்டனைக் கூப்பிட்டேன். நைஜல் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: உறை அச்சாகிவிட்டது, விமர்சகர்களுக்குப் போய்விட்டது, எல்லோரையும் தொட்டது அந்தக் கத்தோலிக்கக் கதைதான். "நீ எழுதியது அவ்வளவு நன்றாக இருக்கிறது," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிலோமினா கையெழுத்துப் போட்டால்தானே தட்டு வரும், போட மாட்டார், நான் வாங்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ரயில் ஒன்று வாசலில் தொங்குகிற கூட்டத்தோடு முகத்தில் காற்றடித்துப் போயிற்று. எனக்கு நல்ல தைரியம் வந்திருந்தது.

அந்தத் தைரியத்துக்கு ஆயுள் ஒரு ராத்திரிதான். நான்காம் நாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் போனபோது பிலோமினா அம்மா காகிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு, வேதப் புத்தகத்துக்குள் மடிக்காமல் வைத்திருந்தார்.

"அம்மா, அது அவர் வாசிச்சதில்லை," என்றேன்.

"எனக்குத் தெரியாதோ?" குரல் உயர்ந்தது. "அப்பா கடவுளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தினவர். ஒரு வருஷமாவது பிழைவிட்டிருந்தா அவற்ற மூச்சு இண்டைக்கு இந்த டேப்பில இருந்திருக்கும். காப்பாத்தினதுக்கு அவருக்கு ஒண்டுமே மிஞ்சக் கூடாதோ? படமாவது இருக்கட்டும். பேராவது இருக்கட்டும். ஜமால் அங்கிள் உயிரோட இருக்கிறார், பிள்ளையள் இருக்கு, பேரப்பிள்ளையள் இருக்கு. அப்பாக்கு நான் மட்டும்தான். நானும் போனா?"

அவரோடு வாதாட எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கலாம். வாங்காமல் வந்திருக்கலாம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம், பிலோமினாவுக்காகத்தான் வாங்கினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை அதுவல்ல. தட்டு வெளிவர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. என் நான்கு மாத உழைப்பு, என் எழுத்து.

தட்டு வந்தது. விமர்சனங்களும் வந்தன. மூன்று பேர் அந்த நான்கு விநாடி மௌனத்தைக் குறிப்பிட்டு என் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஜமாலின் பெயரைப் போடச் சொல்லி நைஜலை விடாமல் நச்சரித்தேன். ஏழு மாதம் கழித்து, தொல்லை தாங்காமல் இறங்கி வந்தார். இரண்டாம் பதிப்பில் உறையைத் திருத்தி உண்மையான பெயரைப் போடலாம், ஆனால் ஜமால் வயதானவர், கண் தெரியாதவர், அதனால் மகளும் சேர்ந்து ஒப்பமிட்ட சம்மதம் வேண்டும் என்றார். குதித்தேன். படிவத்தையும், வெளிவந்த தட்டில் ஒன்றையும், 'இதில் உங்கள் பெயர் இல்லை, அடுத்ததில் இருக்கும்' என்று ஒரு கடிதத்தையும் கொம்பனித்தெருவுக்கு அனுப்பினேன்.

போன வாரம் ரிஸானாவின் குரல்பதிவு வந்தது. வேலையை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவுக்கூடத்தின் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"மிஸ், பார்சல் கெடச்சிச்சு. கடிதத்த வாப்பாக்கு நான் வாசிக்கல்ல. அவர் அட்டைய மடியில வெச்சித் தடவிக்கிட்டே ஈந்தார். என்ட பேர் எங்க எண்டு கேட்டார். எனக்கு இல்ல எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. இந்தா வாப்பா, பின்பக்கம் கீழ ஈக்கி எண்டு அவர்ட வெரலப் புடிச்சி அங்க எழுத்து ஈந்த எடத்துல வெச்சேன். வாசி எண்டார். 'டெனர் சாக்ஸபோன், துவான் ஜமால்' எண்டு வாசிச்சேன். இன்னொருக்கா எண்டார். இன்னொருக்கா வாசிச்சேன். ராவைக்குத் தூங்கும் வரைக்கும் அந்த எடத்துல இருந்து வெரல எடுக்கல்ல மிஸ். அவருக்குப் பேர் கெடச்சிட்டு. எங்களுக்கும் ஊருல தலகுனிவு இல்ல. இனி ஒண்டும் மாத்த வாணாம். அந்தப் படிவத்தக் கிழிச்சிட்டேன். கோவிக்காதீங்க."

அலமாரியிலிருந்து என்னுடைய பிரதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீழே ஒரே ஒரு வரிதான் அச்சாகியிருக்கிறது. குறிப்பை எழுதிய என் பெயர்.